பிரதிநிதியின் வாக்கு யாருடையது?

ஜூலை 22, 2024 (வாசகர் ஒருவர் கேட்டது)

நேற்று பைடன் அமெரிக்க அதிபர் தேர்தல் போட்டியிலிருந்து விலகினார். கட்சியின் வேட்பாளர் யார் என்று மக்கள் ஓட்டுப் போடும் பிரைமரிகளில் அவருக்கு 1.4 கோடிப் பேர் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். அந்த ஓட்டுகளால் தேர்வான டெலிகேட்டுகள், அதாவது கட்சி மாநாட்டில் வேட்பாளரை முடிவு செய்ய வாக்களிக்கும் பிரதிநிதிகள், கிட்டத்தட்ட 3,900 பேர். ஒரே நாளில் கூட்டம் கூட்டமாக ஹாரிஸ் பக்கம் போய்விட்டார்கள். இப்படி மாறலாம் என்றால் பிரைமரி எதற்கு? யார் பெயரைச் சொல்லித் தேர்வானார்களோ அவருக்கே வாக்களிக்க வேண்டும் என்று கட்டிப்போட வேண்டாமா? அமெரிக்காவில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

ஜூலை 23

கட்டிப்போடத்தான் வேண்டும். நான் டெக்சஸில் இருக்கிறேன். 2008இல் மிகக் கீழ்மட்டத்தில் நானும் ஒரு டெலிகேட்டாகப் போனேன். அங்கே பார்த்த ஒரு விஷயத்துக்கு அப்புறம் இதில் எனக்குத் தயக்கமே வந்ததில்லை. அதைத் தனியாக எழுதுகிறேன்.

ஆனால் இப்போது நடப்பதைக் கட்சித் தாவல் மாதிரி பார்க்காதீர்கள். வேட்பாளர் களத்தில் நிற்கும் வரைதான் அவருக்குக் கொடுத்த வாக்குறுதி. அவரே விலகிவிட்டார் என்றால் இல்லாத ஒருவருக்கு எப்படி வாக்களிப்பது? சட்டப்படி கட்டுண்டவர்களை விடுவிக்க வேட்பாளருக்கு உரிமை உண்டு, பைடன் விடுவித்துவிட்டார், அவ்வளவுதான்.

ஜூலை 23, இரவு

மேலே "சட்டப்படி" என்று எழுதியது தவறு. அவசரத்தில் எழுதிவிட்டேன். ஜனநாயகக் கட்சியில் இது கட்சி விதி, அதிலும் "கட்டு" என்ற சொல் இப்போது கிடையாது. தங்களைத் தேர்ந்தெடுத்தவர்களின் எண்ணத்தை முழு மனசாட்சியோடு பிரதிபலிக்க வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது. அதாவது பைடன் விலகாமல் இருந்திருந்தாலும் ஒரு டெலிகேட் "என்னை அனுப்பியவர்களின் எண்ணம் மாறிவிட்டது" என்று சொல்லி வேறு ஒருவருக்கு வாக்களித்திருக்க முடியும். செய்திருப்பார்களா என்பது வேறு கேள்வி. அந்த டெலிகேட் பட்டியலையே வேட்பாளரின் ஆட்கள் முன்கூட்டியே சலித்து எடுப்பார்கள். விசுவாசம் இல்லாதவர் உள்ளே வருவதே கஷ்டம்.

சில மாநிலங்களில் டெலிகேட்டைக் கட்டுப்படுத்தும் அரசுச் சட்டங்களும் இருக்கின்றன. ஆனால் மாநாட்டில் யார் உட்காரலாம், எப்படித் தேர்வாகலாம் என்பதில் தேசியக் கட்சியின் விதிதான் மேலே என்று உச்ச நீதிமன்றம் 1975லும் 1981லும் சொல்லிவிட்டது.

ஒருவர் எலெக்டர்களையும் டெலிகேட்டுகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறார். நவம்பர் தேர்தலுக்குப் பிறகு, அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுக்க டிசம்பரில் வாக்களிப்பவர்கள் எலெக்டர்கள். அவர்களை மாநிலம் கட்டுப்படுத்தலாம், மீறினால் அபராதம் போடலாம் என்று 2020 ஜூலையில் தீர்ப்பு வந்தது. டெலிகேட் என்பவர் கட்சி ஆள். அந்தத் தீர்ப்பு இவரைத் தொடாது.

ஜூலை 25

1980 பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இந்த விவாதத்துக்கு அதுதான் தாய்.

அந்த வருஷம் கார்ட்டர் அதிபர், அதே கட்சியின் செனட்டர் எட்வர்ட் கென்னடி அவரை எதிர்த்து நின்றார். பிரைமரிகள் முடியும்போது கார்ட்டரிடம் தேவைக்கு மேலேயே டெலிகேட்டுகள். ஆனால் கோடைக்குள் நிலைமை மாறிவிட்டது: ஈரானில் பிணைக்கைதிகள் வெளியே வரவில்லை, விலைவாசி ஏறியது, கருத்துக்கணிப்புகளில் கார்ட்டர் கீழே போனார். "பிப்ரவரியில் ஓட்டுப் போட்டவர்கள் ஆகஸ்டில் என்ன நினைக்கிறார்கள் என்று யோசிக்க டெலிகேட்டுக்கு உரிமை வேண்டாமா" என்று கென்னடி தரப்பு கேட்டது. அப்போதைய விதி மிகக் கடுமையானது. மாநாட்டு வாக்கெடுப்பின் முதல் சுற்றில் டெலிகேட் யாருக்காகத் தேர்வானாரோ அவருக்கே கட்டாயம் வாக்களிக்க வேண்டும், வேட்பாளர் எழுத்தில் விடுவித்தால் மட்டுமே விலக்கு. அதோடு நிற்கவில்லை. மீறப் பார்க்கும் டெலிகேட்டை, வாக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கும்போதுகூட, வேட்பாளரே தூக்கிவிட்டு வேறு ஆளை உட்கார வைக்கலாம். எதிர்த்தவர்கள் இதை ரோபோ விதி என்றே அழைத்தார்கள்.

ஆகஸ்ட் 11, நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன். விதி இருக்க வேண்டும் என்று 1,936 வாக்குகள், வேண்டாம் என்று 1,390. அன்று இரவே கென்னடி விலகிவிட்டார். விதியை வைத்துக்கொள்ளலாமா என்று வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் அந்த விதியால் கட்டுப்படப்போகிறவர்கள்தான் என்பதை யோசித்துப் பாருங்கள். விதியின் மேல் நடந்த வாக்கெடுப்பில் அவர்களுக்குக் கட்டு இல்லை, அந்த ஒரு மணி நேரம் முழுச் சுதந்திரம். அப்படியும் கட்டையே தேர்ந்தெடுத்தார்கள்.

இரண்டே வருஷத்தில் கட்சி அந்த விதியைத் தூக்கியெறிந்துவிட்டு மனசாட்சி வாசகத்தைக் கொண்டுவந்தது. கூடவே சூப்பர் டெலிகேட் என்ற புது வகையையும். யாருக்கும் கட்டுப்படாத கட்சிப் பெரியவர்கள் அவர்கள். 2018இல்தான் அவர்கள் முதல் சுற்றில் வாக்களிப்பதைக் கட்சி நிறுத்தியது. ஏற்கெனவே முடிவு தெளிவாக இருந்தால் மட்டும் விலக்கு.

ஜூலை 27

2008 கதை. நீளமாகத்தான் வரும்.

அப்போது டெக்சஸில் ஒரே நாளில் இரண்டு முறை ஓட்டுப் போடுவோம். மார்ச் 4 பகலில் பிரைமரி. இரவு வாக்குச்சாவடி மூடியதும் அதே இடத்துக்குத் திரும்பி வந்து, பெயரை எழுதி, யாருக்கு ஆதரவு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மாநிலத்தில் மக்கள் வாக்கின் வழியாகத் தேர்வாகும் 193 டெலிகேட்டுகளில் 126 பேர் பகல் வாக்குப்படி, மீதி 67 பேர் இரவுக் கூட்டங்களில் தொடங்கும் படிகளின் வழியாக. பகலில் ஹிலரி கிளின்டன் ஜெயித்தார். இரவையும் சேர்த்துக் கூட்டினால் ஒபாமாவுக்கு 99, கிளின்டனுக்கு 94. இந்த இரட்டை முறை இப்போது இல்லை.

எனக்குக் குடியுரிமை கிடைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம் நெரிந்தது, குழந்தைகள் உட்காரும் குட்டைப் பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கணக்குப் பார்த்து ஒபாமா ஆட்களுக்கு இத்தனை இடம், கிளின்டன் ஆட்களுக்கு இத்தனை இடம் என்று பிரித்தார்கள். மார்ச் 29 சனிக்கிழமை அடுத்த கட்ட மாநாட்டுக்குப் போக வேண்டும். ஒரு முழு நாள் போய்விடும் என்பதால் கை தூக்க ஆள் குறைவு. எங்கள் பக்கம் நான் தூக்கினேன். கிளின்டன் பக்கம் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தூக்கினார்.

இருபத்தைந்து நாள் கழித்து மாநாட்டில் பார்த்தால் அந்தப் பெரியவர் எங்கள் பக்கம் நிற்கிறார். பதிவு மேசையில் ஒபாமா என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தக் கட்டத்தில் அவரைத் தடுக்க யாரும் இல்லை. என்ன ஆச்சு என்று கேட்டேன். மார்ச் 18 அன்று ஃபிலடெல்ஃபியாவில் ஒபாமா இனப் பிரச்சினை பற்றிப் பேசினாரே, அதைத் தொலைக்காட்சியில் முழுக்கக் கேட்டாராம், அதற்கு மேல் முடியவில்லை என்றார். கண் கலங்கியிருந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அன்று மகிழ்ச்சிதான், அதை மறைக்கப் போவதில்லை.

ஏப்ரலில் மளிகைக்கடை வரிசையில் எங்கள் தெருப் பெண்மணி ஒருவரைப் பார்த்தேன். மார்ச் 4 இரவு கிளின்டன் பக்கம் கையெழுத்துப் போட்டவர், சனிக்கிழமை வேலை இருந்ததால் மாநாட்டுக்கு வர முடியாதவர். பெரியவர் விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. கத்தவில்லை. "மனசு மாறினது அவரோடது, அதை நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அவர் கொண்டுபோனது என் கையெழுத்து" என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் சொன்னார். பதில் சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை. பதினாறு வருஷம் ஆகியும் வரவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், கட்டு வேண்டும்.

ஜூலை 28

கேள்வி: "அந்தப் பெரியவர் என்ன செய்திருக்க வேண்டும்?"

இடத்தைக் காலி செய்திருக்க வேண்டும். மாற்று ஆள் இருந்தார். வீட்டில் இருந்துவிட்டு நவம்பரில் தன் சொந்த ஓட்டை யாருக்கு வேண்டுமானாலும் போட்டிருக்கலாம்.

ஜூலை 29

2016 குடியரசுக் கட்சி பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். சரி.

ஜனநாயகக் கட்சியில் வேட்பாளரின் ஆள்தான் டெலிகேட் ஆவார். குடியரசுக் கட்சியில் பல மாநிலங்களில் அப்படி இல்லை. பிரைமரி முடிவு எத்தனை வாக்கு யாருக்கு என்று சொல்லும். அந்த வாக்கைக் கையில் வைத்திருக்கும் மனிதரை மாநிலக் கட்சியின் கூட்டங்கள் தனியாகத் தேர்ந்தெடுக்கும். அதனால் மனதுக்குள், டிரம்பை எதிர்த்து நின்ற டெட் க்ரூஸின் ஆளாக இருப்பவர் டிரம்புக்குக் கட்டுப்பட்ட டெலிகேட்டாக வந்து உட்காருவார். 2016இல் இப்படிப்பட்டவர்கள் ஏராளம். பென்சில்வேனியா இன்னும் விசித்திரம்: 71 டெலிகேட்டுகளில் 54 பேர் யாருக்கும் கட்டுப்படாதவர்கள், வாக்குச்சீட்டில் அவர்கள் பெயர் மட்டும் இருக்கும், யாருக்கு ஆதரவு என்று இருக்காது.

இந்த ஏற்பாட்டில்தான் "மனசாட்சிப்படி வாக்களிக்க விடுங்கள்" என்று கொலராடோவிலிருந்து ஓர் இயக்கம் கிளம்பியது. விதிமுறைக் குழுவில் 112 பேர். 28 பேர் கையெழுத்துப் போட்டாலே விஷயத்தை மாநாட்டு அரங்கத்துக்குக் கொண்டுபோயிருக்கலாம். கிடைக்கவில்லை. ஜூலை 18 அன்று கிளீவ்லாந்து அரங்கத்தில் விதிகளின் மேல் பெயர் கூப்பிட்டு வாக்கெடுப்பு நடத்தக் கேட்டு மனுக் கொடுத்தார்கள், சில மாநிலங்கள் மனுவிலிருந்து பின்வாங்கிவிட்டன என்று தலைமை மறுத்துவிட்டது. கொலராடோ ஆட்கள் வெளிநடப்பு செய்தார்கள்.

டிரம்ப் எனக்குப் பிடித்தவர் இல்லை. அன்று அந்த இயக்கம் ஜெயிக்க வேண்டும் என்று வீட்டில் உட்கார்ந்து ஆசைப்பட்டேன். இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது, அவருக்கு பிரைமரிகளில் வாக்களித்தவர்கள் 1.3 கோடிக்கு மேல். அவர்களில் ஒவ்வொருவரும் அந்த மளிகைக்கடை வரிசையில் நின்று என்னிடம் அதே வார்த்தையைச் சொல்லலாம். பெரியவர் என் பக்கம் வந்தபோது மகிழ்ந்தேன், இவர்கள் எனக்குப் பிடிக்காதவரைக் கைவிட வேண்டும் என்று விரும்பினேன். இரண்டு முறையும் என் மனசாட்சி எனக்குச் சாதகமான பக்கத்திலேயே இருந்திருக்கிறது. இது சரியில்லை.

ஜூலை 29, கொஞ்சம் கழித்து

விட்டுப்போனது ஒன்று. அதே கிளீவ்லாந்தில் அலாஸ்கா குழு எழுந்து க்ரூஸுக்கு 12, டிரம்புக்கு 11, இன்னொரு வேட்பாளர் ரூபியோவுக்கு 5 என்று அறிவித்தது. மேடையில் பதிவானது 28ம் டிரம்புக்கு. விலகிய வேட்பாளர்களின் வாக்குகள் மிஞ்சியவருக்குப் போக வேண்டும் என்று அந்த மாநிலத்தின் விதி இருக்கிறது, அதன்படிதான் எழுதினோம் என்றார்கள். டெலிகேட் வாயைத் திறந்து ஒன்று சொல்கிறார், புத்தகத்தில் வேறொன்று எழுதப்படுகிறது. கட்டு வேண்டும் என்று சொல்லும் எனக்கே இதைப் பார்த்தபோது வயிற்றைப் புரட்டியது. அப்படியென்றால் அந்த மனிதர் அங்கே எதற்கு? ஒரு கடிதம் அனுப்பினால் போதாதா?

ஆகஸ்ட் 1

மன்னார்குடியிலிருந்து அத்தை பேசினார். பக்கத்தில்தான் துளசேந்திரபுரம், ஹாரிஸின் தாய்வழித் தாத்தா கோபாலனின் ஊர். அங்கே கோயில் கல்வெட்டில் அவர் பெயர் இருக்கிறது. ஊரே பேசிக்கொண்டிருக்கிறதாம்.

"பைடன் ஓட்டையெல்லாம் எடுத்து நம்ம பொண்ணுக்குக் கொடுத்துட்டாங்களாமே, அப்படிக் கொடுக்கலாமாடா?"

விளக்கினேன். யாரும் யாருடையதையும் எடுத்துக் கொடுக்கவில்லை அத்தை, டெலிகேட்டுகளின் வாக்குச்சீட்டில் பெயர் வர வேண்டும் என்றால் 300 டெலிகேட்டுகளின் கையெழுத்து வாங்க வேண்டும், ஒரே மாநிலத்திலிருந்து 50க்கு மேல் கூடாது, ஹாரிஸுக்கு 3,900க்கு மேல் கிடைத்துவிட்டது என்றேன்.

"வேற யாருக்கும் 300 கிடைக்கலையா?"

கிடைக்கவில்லை.

"அப்ப அவங்க அவுத்துவிட்ட மாடா, கட்டின மாடா?"

சிரித்துவிட்டேன். அப்புறம் ராத்திரி தூக்கம் வரவில்லை. எல்லோரும் விடுவிக்கப்பட்டவர்கள். ஞாயிறு மதியம் விடுதலை, திங்கள் இரவுக்குள் வெற்றிக்குத் தேவையான எண்ணிக்கை ஒரே பக்கம் சேர்ந்துவிட்டது. ஹாரிஸ் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி, அத்தைக்கு என்னைவிட மகிழ்ச்சி. ஆனாலும் டெலிகேட்டை அனுப்பிய மக்களிடம் அந்த முப்பது மணி நேரத்தில் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆகஸ்ட் 3

கட்டை மீறாமலே ஒருவரைக் கைவிட முடியும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம். 1844, பால்டிமோர், ஜனநாயகக் கட்சி மாநாடு. முன்னாள் அதிபர் வான் பியூரனுக்கு வாக்களிக்க அறிவுறுத்தப்பட்டு வந்தவர்கள் பாதிக்கு மேல். ஆனால் டெக்சஸை நாட்டோடு சேர்க்கக் கூடாது என்று அவர் கடிதம் எழுதியிருந்ததால் பலருக்கு அவர்மேல் கசப்பு. என்ன செய்தார்கள்? ஜெயிக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்ற விதிக்கு வாக்களித்தார்கள். பிறகு முதல் சுற்றில் சொன்ன சொல் தவறாமல் அவருக்கே வாக்களித்தார்கள். 146 வாக்கு வந்தது, 177 தேவை. ஒன்பதாவது சுற்றில் போல்க் வேட்பாளர் ஆனார், அடுத்த வருஷ முடிவில் நான் இருக்கும் இந்த டெக்சஸ் ஒரு மாநிலம் ஆனது. கட்டு ஒரு வாக்கைத்தான் கட்டும். விதி, குழு, மனு, இவற்றின் மேல் நடக்கும் வாக்கெடுப்புகளில் கை சுதந்திரமாக இருக்கும்.

1880 இதற்கு நேர் எதிர். சிகாகோவில் குடியரசுக் கட்சி மாநாடு. மாநிலக் குழு முழுக்க ஒரே வாக்காகத்தான் விழ வேண்டும் என்று காங்க்லிங் என்ற செனட்டர் அழுத்தினார். கிராண்டை மூன்றாவது முறை அதிபராக்கும் திட்டம். யார் வேட்பாளர் ஆனாலும் ஆதரிப்போம் என்று எல்லோரும் உறுதி தர வேண்டும் என ஒரு தீர்மானம் வேறு. மேற்கு வர்ஜீனியாக்காரர்கள் மூன்று பேர் மட்டும் எதிர்த்தார்கள். அவர்களின் வாக்குரிமையையே பறிக்கப் பார்த்தார் காங்க்லிங். அந்த மூவருக்காக எழுந்து பேசியவர் கார்ஃபீல்டு என்ற டெலிகேட். காங்க்லிங் பின்வாங்கினார், ஒட்டுமொத்த வாக்கு விதியும் தோற்றது. கார்ஃபீல்டு அங்கே வந்தது ஷெர்மன் என்ற வேட்பாளருக்காக வாதாட. 36வது சுற்றில் வேட்பாளர் ஆனவர் கார்ஃபீல்டுதான்.

இதைப் படித்த பிறகு முதல் நாள் எழுதிய "கட்டிப்போடத்தான் வேண்டும்" என்ற வரியை அப்படியே வைத்திருக்க முடியவில்லை. அந்த மூன்று பேரை நினைத்தால் முடியவில்லை.

ஆகஸ்ட் 6

வேட்பாளரை முடிவு செய்ய டெலிகேட்டுகளின் இணையவழி வாக்கெடுப்பு நேற்று முடிந்தது. ஹாரிஸுக்கு 99 சதவீதம்.

என் நிலையைச் சுருக்கமாகக் கேட்டவருக்கு: முதல் சுற்றில், வேட்பாளர் நிற்கும் வரை, சொன்னவருக்கே வாக்களிக்க வேண்டும். முடியாது என்று தோன்றினால் மாற்று ஆளுக்கு இடத்தைக் கொடுக்கலாம், அந்த முடிவு டெலிகேட்டுடையதாக இருக்க வேண்டும். 1980 மாதிரி வேட்பாளர் ஆளைத் தூக்கும் அதிகாரம் கூடவே கூடாது. ஏனென்றால் அங்கே கடன் பட்டிருப்பது வேட்பாளரிடம் அல்ல. அலாஸ்கா மாதிரி ஒருவர் சொன்னதை வேறாக எழுதுவதும் கூடாது, விதி மீறினால் மீறினார் என்று பெயரோடு பதிவு செய்யட்டும், ஊரில் போய்ப் பதில் சொல்லட்டும். அரசாங்கம் சட்டம் போட்டு இதில் நுழையவே வேண்டாம். 2016இல் வர்ஜீனியாவில் ஒரு டெலிகேட் வழக்குப் போட்டு, ஜெயித்தவருக்கே எல்லா வாக்கும் என்ற மாநிலச் சட்டத்தை அவர்மேல் செலுத்தக் கூடாது என்று நீதிமன்றத்தில் வாங்கினார். அது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன்.

அந்தப் பெரியவர் பற்றி இன்னும் என்னால் ஒரு பக்கம் சாய முடியவில்லை. அவர் 2013இல் காலமாகிவிட்டார்.

ஆகஸ்ட் 22

சிகாகோ மாநாட்டில் நேற்று முன்தினம் அலங்காரத்துக்காக மறுபடியும் மாநிலம் மாநிலமாகக் கூப்பிட்டார்கள், பாட்டும் கூத்துமாக. எனக்குக் கண் போனது வேறு பக்கம். பிரைமரிகளில் "யாருக்கும் இல்லை" என்று வாக்களித்தவர்களால் தேர்வான முப்பது பேர் போல அங்கே இருந்தார்கள். பிப்ரவரியில் மிச்சிகனில் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் அப்படி வாக்களித்தார்கள், காஸா போரை எதிர்த்து. அவர்களுக்கு வேட்பாளரே இல்லை, விடுவிக்கவும் ஆள் இல்லை. பாலஸ்தீன அமெரிக்கர் ஒருவருக்கு மேடையில் பேச இடம் கொடுங்கள் என்று கேட்டார்கள், கிடைக்கவில்லை, நேற்று இரவு அரங்கத்துக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். மளிகைக்கடையில் அந்தப் பெண்மணி சொன்ன மாதிரி கையெழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்றே எனக்குத் தோன்றியது.

அந்தப் பெண்மணியை இன்று காலை தெருவில் பார்த்தேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், மார்ச்சில் பைடனுக்கு ஓட்டுப் போட்டாராம். ஹாரிஸ் பிடித்திருக்கிறது என்றார். நம் பகுதியிலிருந்து டெலிகேட்டாகப் போனது யார் என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடி, பட்டியலைக் கண்டுபிடித்து அனுப்பினேன். அந்த டெலிகேட்டுகள் ஊர் திரும்பியதும் அவர்களைச் சந்திக்க நேரம் கேட்கப் போகிறாராம், என்னையும் கூட வரச் சொல்லியிருக்கிறார்.